சின்னதம்பி பேன்ட் போட்டுக்கொண்டு போன கதை

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. அங்கே ஆள் முக்கால், லுங்கி கால். அந்தக் காலும் படகு தள்ளும்போது தொடைக்கு மேலே ஏறிவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில், ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் சின்னதம்பி பொன்னேரிக்குப் பேன்ட் வாங்கப் போகிறார் என்றால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்குமா?

"இன்னா மாமா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்டான் அஜித்குமார். சின்னதம்பி வேலைக்குப் போகும் ஃபைபர் படகு அவனுடையது.

"ஆமாண்டா, பொண்ணத்தான் பாக்கப் போறேன். நான் பெத்த பொண்ண," என்றார் சின்னதம்பி.

அதற்கு மேல் அவன் கிண்டல் செய்யவில்லை. சின்னதம்பியின் பெண் கதை ஊருக்கே தெரியும்.

பூவிழிக்கு ஆறு வயது இருக்கும்போது அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். விடியுமுன்னே கடலுக்குப் போகிறவன், தாயில்லாத குழந்தையை யாரிடம் விட்டுப் போவான்? அக்கம்பக்கத்தில் எத்தனை நாளைக்குக் கேட்பது? தூங்குகிற குழந்தையை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போனார் சின்னதம்பி. ஒரு நாள் அலை மோசமாகி, படகு கரை ஏற மத்தியானம் ஆகிவிட்டது. ஓடிவந்து பார்த்தால், குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. அழுது அழுது குரலே போயிருந்தது. அன்றைக்கே மெட்ராஸில் இருக்கும் தங்கை தேவகிக்குப் போன் போட்டார். தேவகி ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறவள். அவள் புருஷன் தனசேகர் கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல் வெட்டுகிறவர். "ரெண்டு மாசம் நான் வெச்சினு இருக்கேண்ணா, மனச தேத்திக்கோ," என்று தேவகி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த இரண்டு மாசம் பதினோரு வருஷமாக நீண்டுவிட்டது.

மாமாவின் பின்னாலேயே மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்த பூவிழி, யாரோ தூக்கிப்போட்ட மட்டை ஒன்றை எடுத்துப் பந்தை அடித்திருக்கிறாள். அடித்த அடியைப் பார்த்த ஒரு பயிற்சியாளர் அவளைப் பிடித்துக்கொண்டார். இப்போது ஊர் ஊராகப் போய் விளையாடுகிறாள். அந்த விளையாட்டில் சின்னதம்பிக்கு விளங்கியது இவ்வளவுதான்: பந்தைக் குழியில் போட வேண்டும், ஆனால் குழி பக்கத்தில் இருக்காது. முன்பெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா குப்பத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பரீட்சையும் பந்தயமுமாக அதுவும் நின்று, அவர் மகளைக் கண்ணால் பார்த்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

ஏன், இவர் போய்ப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். போனார், ஒரே ஒரு தடவை. லுங்கியும் துண்டுமாகக் கையில் ஒரு பை நெத்திலிக் கருவாட்டோடு அந்த மைதானத்து வாசலில் போய் நின்றார். "இந்த டிரஸ்ல உள்ள வுட மாட்டாங்க பெரியவரே," என்று காவல்காரன் மரியாதையாகத்தான் சொன்னான். எதிர்ப்புறம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மற்ற பிள்ளைகளோடு வெளியே வந்த பூவிழி, தரையில் உட்கார்ந்திருந்த அப்பனைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை இவர்தான் பார்த்தார். அதோடு சரி. என்னால் என் பிள்ளைக்கு ஒரு தலைக்குனிவு வர வேண்டாம் என்று கடலோரமே கிடந்துவிட்டார். தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, பேச ஆளில்லாமல் படுக்கிற வாழ்க்கை. பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார். பொய். அதெல்லாம் பழகுகிற விஷயமில்லை.

போன மாசம் பூவிழி போனில் சொன்னாள். "நைனா, இந்த தபா மேட்ச் மெட்ராஸ்லயே வெக்கிறாங்க. ரெண்டு நாளு. எல்லாப் பொண்ணுங்களுக்கும் அவங்கவங்க அப்பா வந்து, பாக்கறவங்களுக்குக் கட்டின கயித்தாண்ட நிப்பாங்க. எனக்கு மட்டும் யாருமே நிக்க மாட்டாங்க. அத்தைக்கு லீவு இல்ல, மாமா அந்தாண்ட புல்லு வேலைக்குப் போயிடுவாரு. ஒரே ஒரு தபா நீ வந்து நில்லேன்."

அப்போது ஒரு தகப்பன் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். இவர் வாயில் வந்தது, "இன்னா கட்டினு வர்றது?" என்பதுதான்.

தேவகி போனை வாங்கினாள். "கட்டினுலாம் வரக் கூடாதுண்ணா, போட்டுனு வரணும். காலர் வெச்ச பனியன். பேன்ட்டு. ஜீன்ஸு வேணாம், அங்க அது ஆவாது. கேன்வாஸ் ஷூ, அடி தட்டையா இருக்கணும், குதிகால் வெச்சது போட்டா புல்லு கெட்டுப்போவுதாம், உன் மச்சான் பொலம்புவாரு. வெயிலுக்குத் தொப்பி. பளபளன்னு எதுவும் வேணாம், பந்து அடிக்கிறவங்க கண்ணு கூசும். முக்கியமா, வாயத் தொறக்கக் கூடாது. அவ மட்டைய ஓங்கி நிக்கும்போது நீ இருமக்கூடக் கூடாது."

வேடிக்கை பார்க்கப் போகிற ஆம்பளைக்கு இத்தனை சட்டமா என்று அஜித்குமார் மலைத்துப்போனான். மலைத்தாலும் பொன்னேரிக்குத் துணைக்கு வந்தான். கடைக்காரப் பையன் முதலில் எடுத்துப் போட்டது ஜரிகை மின்னுகிற சட்டை. "விசேஷமா சார்?" என்றான். "விசேஷந்தான், ஆனா மின்னக் கூடாது," என்றார் சின்னதம்பி. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பேன்ட்டும், வெளிர் நீலத்தில் காலர் வைத்த பனியனும், அதே நீலத்தில் ஒரு தொப்பியும் அமைந்தன. ஷூதான் பேஜார் பண்ணிவிட்டது. படகிலும் மணலிலும் விரிந்து விசிறியான கால் அது. எந்த ஷூவிலும் விரல் அடங்கவில்லை. நீளத்தில் இரண்டு அளவு பெரியதாக வாங்கி, முன்னால் துணி அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "சோக்கா கீற மாமா," என்று தன் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி மாட்டிவிட்டான் அஜித்குமார். கடைச் சுவரில் இருந்த நிலைக்கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பாங்கு மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். சின்னதம்பிக்கே அந்த ஆளிடம் பேசக் கூச்சமாக இருந்தது.

ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே அந்த உடுப்பில் நடந்து பழகினார். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? பேன்ட் போட்டவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் கவனித்து வந்து, அதேபோல ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்று பார்த்தார். மகளுக்குத் தன்னால் ஒரு குறையும் வரக் கூடாது. அவருடைய கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

பந்தயத்தன்று முதல் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார். வாசலில் காவல்காரன் தடுக்கவில்லை. "குட் மார்னிங் சார்," என்றான். சின்னதம்பிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த ஒரு சொல்லுக்காகவே அத்தனை நாள் காலைக் கடித்த ஷூவை மன்னித்தார்.

உள்ளே போய் வழி கேட்டுச் சேர்வதற்குள் பூவிழியின் கூட்டம் முதல் பந்தை அடித்துவிட்டுக் கிளம்பியிருந்தது. மூன்று பெண்கள். மூவருக்கும் வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஒரே மாதிரி பாவாடை. மூன்று முதுகுகள் புல்வெளியில் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. இதில் எது என்னுடையது? ஒருத்திக்கு மட்டும் இடுப்பு வரைக்கும் பின்னல். பூவிழியின் அம்மாவுக்கும் அப்படித்தான் பின்னல். சின்னதம்பிக்குச் சந்தேகமே வரவில்லை.

"பூவிழி" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் குப்பத்தில் கடலுக்குக் கிளம்பியவனைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். போகிற காரியம் கெட்டுவிடும். சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனவனின் பெண்டாட்டிகூட, மணலில் சுற்றிக்கொண்டு ஓடி, முன்னால் போய் நின்றுதான் கொடுப்பாள். சின்னதம்பியும் சுற்றிக்கொண்டு முன்னால் போகத்தான் பார்த்தார். அங்கே கயிறு கட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே, ஆடுகிறவர்களுக்குப் பின்னாலேயேதான் போக வேண்டுமாம்.

பின்னல்காரியின் பின்னாலேயே நடந்தார். அவள் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தபோது எல்லையம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மூவரில் குட்டையாக முடி வெட்டியிருந்த கறுத்த பெண் ஒருத்தி நன்றாக அடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவள்மேல் இவருக்கு ஒரு காட்டம். அவள் பந்து ஒரு முறை குழியின் விளிம்புவரை வந்து தப்பிப் போனபோது, 'நல்லா வேணும்' என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அப்போது பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, பின்னல்காரியைப் பார்த்துக் கைதட்டி, "குட் அனிதா! விடாதம்மா!" என்றாள்.

சின்னதம்பிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. பின்னல் அனிதா. மூன்றாவது பெண் வடநாட்டுக்காரி என்று பார்த்தாலே தெரிந்தது. அப்படியானால்? தவறிப்போன பந்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குட்டை முடிக்காரி கண்ணாடியைக் கழற்றி, கீழுதட்டைப் பல்லால் கடித்தாள். அவள் அம்மா அரிசியில் கல் பொறுக்கும்போது அப்படித்தான் கடிப்பாள். பெற்ற பிள்ளை. இவளுக்கா நான் கெடுதல் நினைத்தேன்? அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு குழி முடிந்ததும் பூவிழி நிமிர்ந்து கயிற்றோரம் நின்ற கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். அந்தப் பார்வை இவர்மேல் வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது. தூரம், வெயில், பாவம் பிள்ளைக்குக் கண் கூசும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கூப்பிடலாம் என்றால், ஒருவர் 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்து எல்லார் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து மூவரும் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார்கள். அனிதாவின் அப்பா அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவருக்கும் காலர் வைத்த பனியன், தொப்பி. பூவிழி பயிற்சியாளரோடு இவரை நோக்கி வந்தாள். கைக்கெட்டும் தூரம். சின்னதம்பி கைதட்டினார். சிரித்தார். தேவகி சொல்லியிருந்தபடி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் இவரைப் பார்த்தாள். நேருக்கு நேர்தான் பார்த்தாள். "தேங்க்யூ அங்கிள்," என்று சொல்லிவிட்டு, இவர் தோளுக்கு மேலே கூட்டத்தில் வேறு யாரையோ தேடியபடி நடந்து போனாள்.

அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சின்னதம்பி முடிவு கட்டிவிட்டார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வளர்த்தவள் தேவகி, விளையாடக் கற்றுக்கொடுத்தது யாரோ, நான் என்ன செய்தேன், வெளியே பூட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதானே என்று தோன்றியது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மீஞ்சூர் தாண்டுகிறவரை அழுதார். கறுப்புக் கண்ணாடி அதற்கு மட்டும் உதவியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து இடம் விட்டு, "படுத்துக்கங்க சார்," என்றார். அந்த 'சார்' இப்போது இனிக்கவில்லை.

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குப்பத்துக்குப் போகிற பாலத்தின்மேல் நடந்தார். போன் அடித்தது.

"ஏன் நைனா வரல?" அழுகையும் ஆத்திரமுமாகப் பூவிழி.

சின்னதம்பி நின்றுவிட்டார்.

"வரேன்னு சொன்னியே. ஒவ்வொரு குழியிலயும் தேடினேன். எனக்காக ஒரு நாளு உன்னால நிக்க முடியாதா? கடலு அப்பிடி இன்னாத்தக் குடுக்குது உனக்கு?"

"வந்தேன் கண்ணு."

"பொய் சொல்லாத."

"வந்தேம்மா. பந்து குழி ஓரமா போய்த் தவறிச்சே. கண்ணாடியக் கழட்டிட்டு உதட்டக் கடிச்சியே, உங்கம்மா மாதிரி."

சின்னதம்பி கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார்.

"நீலத் தொப்பி போட்டுனு இருந்தேன். நீ தேங்க்யூ சொன்ன."

பூவிழி மெல்லக் கேட்டாள். "அது நீயா?"

"நாந்தான்."

"கூப்ட்டிருக்கக் கூடாதா நைனா?"

"தொழிலுக்குப் போறவள பின்னாலேர்ந்து எப்பிடிம்மா கூப்புடறது?"

"அது இன்னா நைனா அது?" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. குப்பத்தில் பிறந்த பெண்ணுக்கு அது தெரியவில்லை என்பது சின்னதம்பிக்கு எங்கேயோ ஆழத்தில் போய்த் தைத்தது. பிறகு அவள் உடைந்து அழுதாள். "பெத்த அப்பா மூஞ்சி எனக்குத் தெரியல நைனா. பக்கத்துல பாத்தேன். தெரியல. நான் இன்னா பொண்ணு?"

"அழுவாத. துணிதான் அப்பிடிப் பண்ணிச்சு. தொப்பியும் கண்ணாடியும் போட்டா எங்கம்மாவுக்கே என்னத் தெரியாது," என்றார். அவள் அழுகை நிற்கவில்லை என்றதும், "நா மட்டும் இன்னா ஒழுங்கு? நீன்னு நெனச்சி அந்தப் பின்னல் போட்ட பொண்ணு பின்னாலயே அவ்ளோ தூரம் போயிட்டேன்," என்றார்.

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவள் பந்து தவறியபோது சந்தோஷப்பட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை அவர் சாகிறவரை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"நாளைக்கு லுங்கியே கட்டினு வந்துடட்டா? உனக்கு அடையாளம் தெரியும்."

"வேணா. உள்ள வுட மாட்டாங்க. அதே துணியப் போட்டுனு வா. நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்குப் போனதும் பனியனையும் பேன்ட்டையும் அலசிக் கொடியில் போட்டார். கடல்காற்றில் எது காய்கிறது? ஈரம் பாதி இருக்கும்போதே போட்டுக்கொண்டு, விடியலில் மறுபடியும் கிளம்பினார்.

மைதானத்து வாசலில் பந்தயம் பார்க்க வந்தவர்கள் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லா ஆம்பளைகளும் காலர் வைத்த பனியன், பேன்ட், தொப்பி. வாசல் தூணோரம் பூவிழி நின்றிருந்தாள். மற்ற பெண்கள் உள்ளே பந்தடித்துப் பழகிக்கொண்டிருக்கிற நேரம் அது. அவள் இங்கே நின்று, வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் முகம் பார்த்து, இல்லை என்று விட்டு, அடுத்தவர் முகம் பார்த்து. சின்னதம்பி தள்ளி நின்று அதைப் பார்த்தார். இந்த முறையும் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றார்.

அவள் பார்த்தாள். நெற்றி, நரைத்த மீசை, வெயிலில் கருகிய கன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நைனாவா?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள்.

எந்தத் தகப்பனுக்கும் அந்தக் கேள்வி வரக் கூடாது. சின்னதம்பி, "நாந்தான் கண்ணு," என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகம் இளகிவிட்டது. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அவள் காதில் விழுந்த குரல். அவளுக்கு அப்பா என்றால் அதுதான். இரண்டு கையாலும் அவருடைய ஈரப் பனியனைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பேசு நைனா. இன்னும் கொஞ்சம் எதுனா பேசினே இரு," என்றாள்.

என்ன பேசுவது? நேற்று அஜித்குமார் வலையில் கவலை மீன் விழுந்ததைச் சொன்னார், வாடைக் காற்று ஆரம்பித்துவிட்டதைச் சொன்னார், ஷூ கடித்ததைச் சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.